ஆறரை மணி நேரத்தில் நியூயார்க்!

சிங்கப்பூரில் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு 12.05-க்கு விமானம். நியூயார்க்கில் அதே செவ்வாய் காலை 6.30-க்கு இறக்கிவிடுகிறார்கள். 'அட, சென்னை-திருச்சி பஸ் நேரம்தானே!' என்று குஷியாகிவிடாதீர்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். கோடையில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால். ஆக, பதினெட்டரை மணி நேரம் உட்கார்ந்தே தீர வேண்டும்!

வரவு வைத்த 12 மணியைத் திரும்பும்போது கறாராகப் பற்று எழுதிவிடுவார்கள் (நான் பி.காம். ஐயா!). சனி ராத்திரி நியூயார்க்கில் ஏறினால், திங்கள் விடிகாலைதான் சிங்கப்பூர். ஞாயிற்றுக்கிழமை அம்பேல்!

நான் போன விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ரகம். மொத்தமே 161 சீட். சாதா எகானமி கிடையாது. மூன்று வருஷச் சேமிப்பு காலி.

பக்கத்து சீட்டில் சிங்கப்பூர் தேக்காவைச் சேர்ந்த ஓர் அம்மா. மகளுக்குத் தலைப்பிரசவம்; ஏறும்போதே வலி கண்டுவிட்டதாம்.

"வலிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும் தம்பி. இப்ப அங்க என்ன மணி?"

அரை மணிக்கொரு தரம் இதே கேள்வி. சாப்பாட்டைத் தொடவில்லை.

இறங்கியதும் போனில் செய்தி. பேத்தி! திங்கள் ராத்திரி 11.10. அந்த நேரம் நாங்கள் ஆகாயத்தில். இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பாக்கி.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஏறினது செவ்வாய்க்கிழமையாச்சே. முந்தின நாளே பொறந்துட்டாளா?"

கடிகாரக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி, ஜாதகத்தை எந்த ஊர் நேரத்துக்கு எழுதறது?"