அறுபது சென்டிமீட்டர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்குள் போய் ஸ்கூட்டியை நிறுத்தியதும் காதில் விழும் முதல் கேள்வி, "ஆம்பள சர்வேயர் வரலியா?" என்பதுதான். பி.இ. சிவில் முடித்து, தேர்வெழுதி, பயிற்சியில் சங்கிலி இழுத்து, வெயிலில் கிராஸ் ஸ்டாஃப் பிடித்துக் கறுத்துப்போய் வந்தவளுக்கு அது சுருக்கென்று இருக்கும். அதற்காகவே வேகமாக அளப்பேன். நாலு பேர் பார்க்க, தயங்காமல் எல்லையைக் காட்டுவேன். தயங்கினால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புலப்படம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம். நிலம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் உள்ளே கோடுகள் போட்டு முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு ஜி லைன் என்று பெயர். மூன்று பக்கத்தின் நீளமும் தெரிந்துவிட்டால் முக்கோணம் அசையாது. 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய அளவையும் முக்கோணங்களை நம்பியதுதான். கல் கிடைத்தால் படத்தை அப்படியே தரையில் விரித்துவிடலாம். கல் நகர்ந்திருந்தால் விரிப்பும் நகரும்.

எனக்கு அது இரண்டாவது வருடம். புன்செய்க் காடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம். இருவரும் இப்போது இல்லை. தம்பி மனைவிக்கும் அண்ணன் மகனுக்கும் வரப்புத் தகராறு. வடக்கு மூலைக் கல்லிலிருந்து ஜி லைனை அளந்தால், படத்தில் இருப்பதைவிட 60 சென்டிமீட்டர் குறைகிறது. பழைய படம், அந்தக் காலத்துச் சங்கிலி தொய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வித்தியாசம் வருவது சகஜம்தான். ஆனால் அந்த நீளத்துக்கு அறுபது அதிகம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

சங்கிலி பிடிக்க வந்த பெரியவர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "கல்லச் சுத்தி மண்ணு பொலபொலன்னு இருக்கு சர்வேயரம்மா. மூணாவது கல்லையும் ஒருக்கா பாத்துரலாமா?"

மூன்றாவது கல் சீமைக்கருவேலப் புதருக்குள் இருந்தது. மத்தியான வெயில். இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். பின்னாலிருந்து யாரோ, "அந்தம்மாவுக்குக் கணக்கு வரல போல" என்று சிரித்தார்கள். நான் எல்லையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அம்மா மேல்முறையீடு செய்து, எங்கள் ஆய்வாளர் வந்து புதரை வெட்டவைத்து மறு அளவீடு செய்தார். வடக்கு மூலைக் கல் 90 சென்டிமீட்டர் தள்ளி நின்றிருக்கிறது. உழவு டிராக்டர் இடித்துச் சாய்த்ததை யாரோ தூக்கி, தோதான இடத்தில் நட்டிருக்கிறார்கள். 90 மீட்டர் எல்லையில் ஒரு முனை அவ்வளவு விலகினால் நடுவில் விழும் முக்கோணம் 40 சதுர மீட்டர் சொச்சம். ஒரு சென்ட். தாளில் அவ்வளவுதான். தரையில் அந்த ஒரு சென்டுக்குள் ஒரு வேப்பமரம் இருந்தது. மறு அளவீட்டுக்கு முன்பே அண்ணன் மகன் அதை வெட்டி விற்றுவிட்டான்.

கோட்டைத் திருத்திக் காட்டியபோது அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். "கோட்ட மாத்திட்ட. மரத்த என்ன பண்ணுவ?" என்றார். அப்புறம் எதுவும் பேசவில்லை.

ஆய்வாளர் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் டீக்கடையில்தான் கேட்டார்: "தப்பா அளந்தத விடும்மா. அறுபது இடிச்சுது, உனக்குத் தெரிஞ்சுதுல்ல? அத ஏன் குறிப்புல எழுதல?" எனக்குப் பதில் வரவில்லை. எழுதியிருந்தால் மேலே பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்திருக்கும், வேலை அங்கேயே நின்றிருக்கும். நான் பயந்தது தவறுக்கு இல்லை, சந்தேகப்படுவது தெரிந்துவிடுமே என்றுதான்.

அதற்குப் பிறகு குறுவட்டம், சார் ஆய்வாளர், இப்போது ஆய்வாளர். பதவி உயர்வுகளைப் பற்றிச் சொல்ல ரொம்ப இல்லை. சீனியாரிட்டி, துறைத் தேர்வுகள், இரண்டு இடமாற்றம், வீட்டில் சில சண்டைகள். மாறியது ஒன்றுதான்: நான் அளக்காத நிலத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆரில் விழுந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்னும் மனுக்கள் வருகின்றன. அப்போதும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார் இல்லையா? அந்தக் கட்டுகளைப் பிரிக்கும்போதெல்லாம் இது தோன்றும்.

இப்போது வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கையில் ரோவர், டோட்டல் ஸ்டேஷன். ஆனால் கருவி, தனக்கு முன்னால் இருக்கும் கல் எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். அது அங்கேதான் இருந்ததா என்று சொல்லாது. அதனால் கோப்பு கொண்டுவரும் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். போன மாதம் பயிற்சியில் இருக்கும் ஒரு தம்பி வந்தான். சுத்தமான படம், அழகான கையெழுத்து.

"எங்கப்பா இடிச்சுது?"

"எங்கயுமே இடிக்கல மேடம். எல்லாம் சென்டிமீட்டர் சுத்தமா உக்காந்துருச்சு."

"குறிப்புல ஒண்ணுமே எழுதலியே?"

"எழுத ஒண்ணும் இல்ல மேடம்."

படத்தைத் திரும்பப் பார்த்தேன். எத்தனை கல்லைப் பிடித்தாய் என்று கேட்டேன். இரண்டு என்றான். மூன்றாவது? கொஞ்சம் தயங்கி, "முள்ளுக்குள்ள இருந்துச்சு மேடம்" என்றான்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். "வா. வழியில ஒரு அருவாள் வாங்கிக்கலாம்."