முழங்கால் தட்டு

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காக ஒட்டன்சத்திரம் சாலையில் அன்னதானப் பந்தல் போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். சோறும் சாம்பாரும் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. "ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போட்டுரலாம். அந்த ஆயிரம் பேரையும் கை கழுவ வைக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துரும்" என்பார். டேங்கர் குழாயைத் திறந்துவிட்டால் அரை மணி நேரத்தில் பந்தல் வாசல் சேறாகிவிடும். டிரம்மில் சொம்பு போட்டு வைத்தால் எல்லார் கையும் டிரம்முக்குள் போகும். அதனால் திண்டுக்கல் நாகல் நகரில் ஒருவரிடம் கை கழுவும் ஸ்டாண்டு செய்து வாங்குகிறார். "பூட்டுக்காரர்யா அவரு, போய்ப் பாரு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

பட்டறை என்றால் தகரக் கூரை, ஒரு வைஸ், மூலையில் நீல நிற டிரம்கள். அண்ணனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அப்பா காலத்தில் மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் ராவிக் கொடுத்த வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரம் பிடித்தவர். அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கியதும், ஒவ்வொரு பட்டறையாகக் கதவைச் சாத்தியதும் திண்டுக்கல்காரர்களுக்குப் பழைய கதை. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் வந்தது. அதற்குள் ராவத் தெரிந்த கைகளில் பாதி பெயின்ட் அடிக்கவும் வாட்ச்மேன் வேலைக்கும் போய்விட்டிருந்தன. இவர் கிரில் கேட் வெல்டிங்குக்குப் போனார்.

2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் காலால் மிதிக்கும் ஸ்டாண்டு கேட்டார்கள். இவரும் செய்து தள்ளினார். அவற்றில் பல இன்று அலுவலக மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்து நிற்கின்றன. பந்தல்காரர்கள் சிலர் அவற்றையே பாதயாத்திரைக்கு வாடகைக்கு எடுத்துப் போனார்கள். ஒருவரும் மிதிக்கவில்லை. ஏன் என்று பார்க்க அண்ணனே ஒரு ராத்திரி பந்தலில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி, காரைக்குடிப் பக்கமிருந்து வெறுங்காலோட நடந்து வர்றாங்க. உள்ளங்கால் பூரா கொப்புளம். அந்தக் காலால இரும்பை மிதின்னா மிதிப்பாங்களா? அதுலயும் ஒத்தக் கால்ல நிக்கணும், கீழ சேறு. பொம்பளைங்களுக்குச் சேலைக் கரை பெடல்ல மாட்டுது."

மிதிகட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால் தட்டு வைத்தார். குழாய்க்கு நேர் கீழே, முழங்கால் உயரத்தில், செங்குத்தாக ஒரு பட்டைத் தகடு. இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி முட்டியால் லேசாக முன்னே தள்ளினால் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி தகட்டைக் கீழே நீட்டியிருக்கிறார். பழைய டயர் ரப்பரை அதன் மேல் சுற்றியிருக்கிறார். நம் ஊரில் கை கழுவுவதற்குக் குறுக்கே நிற்பது சோம்பேறித்தனம் என்று உபதேசிக்கிறவர்கள் இந்தத் தகட்டை ஒருமுறை பார்த்தால் நல்லது.

ஆங்கிள் வெட்டுவது, துளை போடுவது, வெல்டிங் இவற்றையெல்லாம் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தேன். தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: 200 லிட்டர் டிரம் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. குழாய் இடுப்பளவில் இருக்க வேண்டுமானால் டிரம் அதற்கும் மேலே உட்கார வேண்டும். கூட்டம் சாய்ந்தால் கவிழும். அதனால் நான்கு கால்களும் நன்றாக அகட்டி நிற்கின்றன. லாரியில் ஏற்ற வசதியாகக் கழற்றி மாட்டலாம். போல்ட் நட்டு கிடையாது. ராத்திரி சேற்றில் விழுந்தால் யார் தேடுவது? சங்கிலியில் தொங்கும் ஆணிதான்.

நான் போன காரியம் அரத்தில் இருந்தது. முழங்கால் தட்டு அசையும்போது ஒரு கம்பி மேலே போய் விரல் நீள இரும்பு லீவரைத் தூக்கும். லீவர் குழாயின் வால்வைத் திறக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். முதலில் தண்ணீர் கேன் டிஸ்பென்சரில் வரும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பார்த்தாராம். ஒரே நாளில் உடைந்துவிட்டது. பிறகு பூட்டுக்குள் இருக்கும் லீவர் மாதிரியே ஒன்றை இரும்பில் செய்தார். அதன் நுனி வளைவில்தான் எல்லாம். ஒரு ராவு குறைந்தால் தட்டு இறுகும், ஒரு ராவு கூடினால் குழாய் சொட்டும். பட்டை அரம், முக்கோண அரம், வட்ட அரம் என்று வரிசையாக எடுக்கிறார். கடைசியில் மட்டும் அப்பாவுடைய அரம். பல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. புது அரம் அள்ளிவிடும் இடத்தில் இது தடவிவிடும். அளவுகோலே இல்லை. ராவுகிறார், கட்டை விரலால் தடவுகிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், மறுபடியும் இரண்டு ராவு.

தண்ணீர்க் கணக்கும் பார்த்தேன். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் கையேடு, நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் குழாய் ஒன்றுக்கு 250 பேர் என்று வைத்திருக்கிறது. அந்த வேகத்தில் குழாயை மூடாமல் 20 விநாடி கழுவினால் ஆளுக்கு இரண்டரை லிட்டர் போகும். ஒரு டிரம் 80 பேரோடு காலி. அண்ணன் ஸ்டாண்டில் சோப்புத் தேய்க்கும்போது முட்டியை எடுத்துவிடுவதால் தண்ணீர் நின்றுவிடுகிறது. சொம்பில் பிடித்துப் பார்த்தேன், அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே டிரம்மில் 400 பேர் கழுவலாம். சோப்புக்கட்டி சேற்றில் விழும், காணாமலும் போகும் என்பதால் சலவைத்தூள் கரைத்த தண்ணீர்ப் பாட்டில்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

ஜிம்பாப்வேயில் 1980களில் பரவிய 'டிப்பி டாப்'பைப் போனில் காட்டினேன்: நாலு குச்சி, கயிறு, ஓட்டை போட்ட ஒரு கேன். கயிற்றில் கட்டிய குச்சியைக் காலால் அமுக்கினால் கேன் சாயும். உற்றுப் பார்த்தார். "நல்ல யோசனை. வீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்குச் சரி. பந்தல்ல அந்தக் கயிறு காலையிலயே அந்துரும்."

இந்த ஸ்டாண்டை அண்ணனிடமிருந்து விலைக்கு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பந்தல் காண்ட்ராக்டர்கள். அவர்கள் அதை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று இரண்டு விழாவில் போட்ட காசு திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் லாபம். ராவின கைக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. டிரம்மின் மேல் 'உபயம்' என்று ஆளுயர எழுத்தில் ஒருவர் பெயர், பக்கத்தில் காண்ட்ராக்டரின் போன் நம்பர். லீவரை விலை பேசும்போது மட்டும் "இத்தினியூண்டு இரும்புக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எடை போட்டு வாங்க இதென்ன வெங்காயமா? அப்பாவிடம் பூட்டை டஜன் கணக்கில் அடித்துப் பேசி வாங்கினவர்களின் வாரிசுகள்தான் இவர்கள். பூட்டைத் தின்றது அலிகார் மட்டுமல்ல என்று ஆரம்பித்து நான் பேசிக்கொண்டே போனேன்.

அண்ணன் அரத்தை வைக்காமலே குறுக்கிட்டார். "காண்ட்ராக்டர் இல்லேன்னா இதை யாரு தம்பி ரோட்டுல கொண்டு போய் வைக்கிறது? லாரி அவருது. ஒரு டிரம் உடைஞ்சா நஷ்டமும் அவருக்குத்தான். அவரை வையாதீங்க."

"அப்ப என்னதாண்ணே வேணும் உங்களுக்கு?"

"பந்தல்காரங்க மார்கழி கடைசியில ஓடி வந்து அவசரம்கிறாங்க. கடனுக்கு ஆங்கிள் எடுத்துச் செய்யிறேன். வட்டி என் தலையில. கார்த்திகையிலயே பாதிப் பணம் முன்பணமாக் குடுத்தா, ரொக்கத்துக்கு இரும்பு எடுத்துருவேன். உங்க ஃப்ரெண்டு கிட்ட அதைச் சொல்லுங்க. அப்புறம், போன வருஷத்து ஸ்டாண்டு ரெண்டுல ஸ்பிரிங் மாத்தணும், அனுப்பிவிடச் சொல்லுங்க."