பாலாற்றிலிருந்து அடையாற்றுக்கு – 1

குப்பத்தில் பாலாறு ஆறாகத் தெரிவது நல்ல மழை பெய்த சில வாரங்களில் மட்டும்தான். மற்ற நாட்களில் மணலும் சீமைக்கருவேலமும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் எங்கள் சீமை வழியாக 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் என்று நடந்து, வாயலூர் அருகே கடலில் சேருகிற ஆறு அது. அந்த 33-க்குள்தான் எங்கள் வாழ்க்கை. ஆற்றங்கரைத் தோட்டம் என்று ஒன்றை என் ஊர்க்காரர்கள் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. கரையில் தோட்டம் நிற்க வேண்டுமானால் ஆற்றில் ஈரம் இருக்க வேண்டுமே.

அதனாலேயே அடையாற்றின் தென்கரையில் இருக்கும் பிரம்மஞான சபைத் தோட்டம் பல வருடங்களாக என் மனதில் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 260 ஏக்கர். மேற்கே பாலத்துச் சாலை, கிழக்கே கடல், வடக்கே ஆறு. சென்னை மாதிரி ஒரு நகரத்தின் நடுவில், மனை விலை வானத்தைத் தொட்ட பிறகும், தோப்பும் காடுமாக அது அப்படியே நிற்கிறது. சென்னைக்குப் பத்துப் பதினைந்து முறை போயிருக்கிறேன். ஆஸ்பத்திரி, கல்யாணம், பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை. ஒவ்வொரு முறையும் அந்த மதிலைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஒரே ஒரு முறை இறங்கிப் போனபோது கதவு சாத்தியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

இந்த முறை தோட்டத்துக்காகவே போகிறேன். வேறு வேலை எதையும் அதோடு சேர்க்கவில்லை.

கூட வருவது என் அத்தை. எழுபது தாண்டியவர். வீட்டில் தமிழ் பேசுவார், கணக்கு எழுதுவது தெலுங்கில், சந்தையில் கன்னடக்காரரிடம் கன்னடத்திலேயே பேரம் பேசுவார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது சாதாரணம். தோட்டத்தைப் பற்றி நான் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்க இன்னா சாமி இருக்குது கண்ணு?”

“சாமிங்க நெறைய இருக்குது அத்தே. கோயில், மசூதி, சர்ச்சு, புத்தர், பார்சிக்காரங்க கோயில், எல்லாம் ஒரே தோட்டத்துல. ஆனா நாம போறது ஒரு ஆலமரத்தைப் பாக்க.”

“மரத்தைப் பாக்க மெட்ராஸுக்கா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “நான் திம்மம்மா மர்ரிமானைப் பாத்தவ” என்று ஆரம்பித்தார்.

கதிரி நரசிம்ம சுவாமி தேருக்குப் போனபோது, கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தையில்லாத தன்னை மாமியார் அங்கே அழைத்துப் போனதாகச் சொன்னார். பழைய அனந்தப்பூர் மாவட்டத்தில் கதிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மரம். ஐந்து ஏக்கர் அளவுக்குப் படர்ந்தது. உலகத்திலேயே பெரிய ஆலமரம் என்று 1989-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அத்தை போனது அதற்கு ரொம்ப முன்னால். மரத்தடியில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், எந்த விழுதில் மஞ்சள் துணி கட்டினார், திரும்பும்போது மாமியார் வாங்கித் தந்த வளையல் என்ன நிறம் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது.

அதே 1989-ல்தான் அடையாறு மரத்தின் நடு அடிமரம் புயலில் சாய்ந்தது என்பதை அவரிடம் சொன்னேன். நானூறு ஐந்நூறு வருடத்து மரம். தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள், கடைசியில் அது பிழைக்கவில்லை. ஆனால் அதற்குள் விழுதுகள் தரையில் ஊன்றித் தனித்தனி மரங்களாகத் தடித்துவிட்டிருந்தன. நடுவில் வெறும் இடம், சுற்றிலும் பிள்ளைகள். நாம் பார்க்கப்போவது அந்தப் பிள்ளைகளை. ஆலமரத்துக்கு இது முடியும். மேலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் தொட்டதும் வேராகிறது, வருடங்கள் போனால் கிளையைத் தாங்கும் தூணாகிறது. தாய் போனாலும் மேலே கிளைகள் ஒன்றோடொன்று கை கோத்தபடி இருக்கும்.

அத்தை கேட்டுவிட்டு, “தாயில்லாத மரம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கோ அந்த வார்த்தை நேரே மதனப்பள்ளிக்குப் போய் நின்றது.

இந்தப் பயணத்தை நான் ஏன் அடையாற்றில் தொடங்கவில்லை என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. 1895 மே மாதம் மதனப்பள்ளியில், அன்றைய கணக்குப்படி கடப்பை மாவட்டத்தில், ஜிட்டு நாராயணய்யா, சஞ்சீவம்மா தம்பதிக்கு எட்டாவதாகப் பிறந்த பிள்ளை, பின்னாளில் தத்துவவாதியாக அறியப்பட்ட கிருஷ்ணமூர்த்தி. அப்பா வெள்ளைக்காரன் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். ஊர் ஊராக மாற்றல், வீட்டில் ஓயாத மலேரியா. பையனுக்குப் பத்து வயதிருக்கும்போது, 1905-ல், அம்மா இறந்துபோனார். அப்பா ஓய்வு பெற்றதும், பழைய பிரம்மஞான சபை உறுப்பினர் என்ற உரிமையில் அடையாற்றில் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அங்கே குடிபோனார். மதிலுக்கு வெளியே ஒரு வசதியில்லாத சின்ன வீடு. அந்த வருடம்தான், அடையாறு கடலைத் தொடும் மணலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் அந்தப் பையனைப் பார்த்தார். உலகத்துக்கு வரப்போகும் குரு இவன்தான் என்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரிய கதை. சபைத் தலைவர் அன்னி பெசன்ட் பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்ததும், 1912-ல் அப்பா வழக்குப் போட்டதும், சென்னை உயர் நீதிமன்றம் அப்பா பக்கம் சொன்ன தீர்ப்பை 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் மாற்றியதும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1929-ல் அதே கிருஷ்ணமூர்த்தி ஹாலந்தில் ஓம்மன் என்ற இடத்தில், தன்னை மையமாக வைத்துக் கட்டிய அமைப்பையே கலைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்தப் பதின்மூன்று வயதுப் பையனை நான் அடிக்கடி நினைக்கிறேன். நானும் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா இல்லாத பிள்ளை எப்படி வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிருஷ்ணமூர்த்தியையும் மந்தபுத்தி என்று நினைத்து வாத்தியார் அடித்திருக்கிறார். எங்கள் வறண்ட மேட்டு நிலத்திலிருந்து போய் முதன்முதலாக அந்த ஆற்று முகத்தையும் கடலையும் தென்னந்தோப்பையும் பார்த்த கண்கள் அவை. அந்தத் தோட்டத்தை மயிலாப்பூர்க்காரர் பார்ப்பதும் எங்கள் சீமையிலிருந்து போய்ப் பார்ப்பதும் ஒன்றாக இருக்க முடியாது என்று நம்புகிறேன். அதனால் அந்தப் பையன் போன வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் மதனப்பள்ளி. குப்பத்திலிருந்து சாந்திபுரம், வி.கோட்டா, பலமனேர், புங்கனூர் வழியாகப் பேருந்து. பலமனேர் பக்கம் கௌண்டின்யா காடு, யானை நடமாட்டம் உள்ள இடம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மதனப்பள்ளியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று அவர் பிறந்த வீட்டுத் தெரு. மற்றது அன்னி பெசன்ட் 1915-ல் தொடங்கிய கல்லூரி. 1919 பிப்ரவரியில் தாகூர் அங்கே வந்து தங்கியபோதுதான் ‘ஜன கண மன’வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் அதற்கு ஸ்வரம் எழுதினார். இன்றைக்கு நம் பிள்ளைகள் பிரேயரில் பாடும் மெட்டுக்கும் அந்த ஊருக்கும் அப்படி ஓர் உறவு. கொஞ்சம் தள்ளி ரிஷிவேலி. 1920-களில் கிருஷ்ணமூர்த்தி பள்ளிக்கென்று இடம் தேடியபோது தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கு. அங்கேயும் ஒரு பெரிய ஆலமரம் நின்றது. அடையாற்றுத் தோட்டத்தை அவர் மனதில் சுமந்துகொண்டு வந்துதான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணம்தான்.

அடுத்தது நாள் குறிப்பது. இதில்தான் அதிக நேரம் போனது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழைக்காலம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறிப் பாய்ந்ததை எங்கள் ஊரில் டிவியில் பார்த்து அழுதவர்கள் உண்டு, ஏனென்றால் வீட்டுக்கு ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். மறு வருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து நகரம் முழுக்க மரங்களைச் சாய்த்தபோது இந்தத் தோட்டமும் நிறைய இழந்தது. டிசம்பர் கடைசியில் சபையின் ஆண்டு மாநாடு, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். மார்ச் தாண்டினால் அத்தைக்கு வெயில் ஆகாது. மிஞ்சியது ஜனவரி, பிப்ரவரி.

பிப்ரவரியில் ஒரு தேதி கண்ணில் பட்டது. சபையை நியூயார்க்கில் 1875-ல் தொடங்கியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் அடையாற்றிலேயே இறந்தது 1907 பிப்ரவரி 17. சபைக்காரர்கள் அதை அடையாறு தினம் என்று அனுசரிக்கிறார்கள். கிருஷ்ணமூர்த்தி கலிஃபோர்னியாவில் ஓஹாய் என்ற ஊரில் இறந்தது 1986-ல், அதே பிப்ரவரி 17. சபையை விட்டு விலகிய பிறகு பல பத்து வருடங்கள் அந்த மதிலுக்குள் காலெடுத்து வைக்காதவர் அவர். 1980-ல் புதிதாகத் தலைவரான ராதா பர்னியர் அழைத்தபோதுதான் மறுபடி உள்ளே போனார். 1986 ஜனவரியில் கடைசி முறையாக விமானம் ஏறுவதற்கு முன்பும், சிறுவனாக அவர் நின்ற அந்தக் கடற்கரையில் நடந்துவிட்டுத்தான் போனார். காலண்டரைப் புரட்டினேன். இந்த முறை 17 செவ்வாய்க்கிழமை. தோட்டம் ஞாயிறு திறக்காது, மற்ற நாட்களில் காலையிலும் மதியத்துக்கு மேலும் கொஞ்ச நேரம்தான் வெளியாட்களை விடுவது வழக்கம்.

“செவ்வாக்கெழமை பொறப்படக் கூடாது” என்றார் அத்தை.

“பொறப்படறது திங்கக்கெழமை அத்தே. செவ்வா போய்ப் பாக்கறோம்.”

“பாக்கறதுக்கு தோஷமில்ல” என்று அனுமதி கொடுத்தார்.

ரயில் இருக்கிறதே, அது எங்கள் ஊருக்குக் கிடைத்த வரம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-ல் போட்ட பாதையில்தான் குப்பம் ஸ்டேஷன் நிற்கிறது. கிழக்கே மல்லனூர், பச்சூர் தாண்டி மலைச்சரிவில் இறங்கினால் ஜோலார்பேட்டை. அப்புறம் காட்பாடி, அரக்கோணம், சென்ட்ரல். சுமார் 250 கிலோமீட்டர். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ரயிலும் பாலாறும் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகும். நம் ஆறு எப்படி அகன்று போகிறது என்று அத்தைக்கு அங்கே காட்ட வேண்டும். அகலம்தான், அங்கேயும் பெரும்பாலும் மணலே. தோல் தொழிற்சாலைக் கழிவால் பட்ட பாடும் சேர்ந்தது.

உள்ளே போனபின் எங்கே நடப்பது என்பதற்கும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். 260 ஏக்கரையும் அத்தையின் முழங்கால் தாங்காது, எல்லா இடத்துக்கும் விடவும் மாட்டார்கள். அங்கே ஆட்கள் வசிக்கிறார்கள், படிக்கிறார்கள், தியானம் செய்கிறார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் நாம் விருந்தாளி. சாப்பாட்டு மூட்டையை விரித்து உட்காரும் இடம் இல்லை. அதனால் புளிச்சோற்றை வெளியிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் ஆற்றைப் பார்த்த தலைமையகக் கட்டடம். 1882-ல் ஆல்காட்டும், அவரோடு சேர்ந்து சபையைத் தொடங்கிய பிளவாட்ஸ்கி அம்மையாரும் இந்த இடத்தை வாங்கியபோது 27 ஏக்கர்தான். ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்று பெயர். அந்த வருடம் டிசம்பர் 19-ம் தேதி பம்பாயிலிருந்து வந்து குடியேறினார்கள். பிளவாட்ஸ்கிக்கு இரண்டு வருடம் சொச்சம்தான் கொடுத்துவைத்தது. 1885-ல் உடல் நலிந்து கப்பலேறியவர் திரும்பவேயில்லை. 1907-ல் அன்னி பெசன்ட் தலைவரான பிறகு பக்கத்துத் தோப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ஆலமரம் நிற்கும் தோட்டம் அப்படி வந்ததுதான். ஒரு காட்டை விலைக்கு வாங்கி அதை வெட்டாமல் விட்ட மனுஷியைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஹோம் ரூல் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து 1886-ல் ஆல்காட் தொடங்கிய நூலகம். ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடம். வெளியே நின்று பார்த்தாலும் எனக்குப் போதும். 1894-ல் அவர் சேரிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இலவசப் பள்ளி பெசன்ட் நகர்ப் பக்கம் இன்றும் ஆல்காட் பெயரில் நடக்கிறது. ஒரு அமெரிக்கப் படை அதிகாரி, சொந்த ஊர்க்காரர்களே தொடத் தயங்கிய பிள்ளைகளை அந்தக் காலத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். வாத்தியார் என்ற முறையில் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நிற்கக் கடமைப்பட்டிருக்கிறேன். மரியா மாண்டிசோரி 1939-ல் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே தோட்டத்தில்தான். ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதும் இங்கேதான், திருவான்மியூருக்குப் போனது பிறகு.

மீதி நேரம் முழுக்க ஆலமரம். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சாயங்காலம் எலியட்ஸ் பீச். அத்தை இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

நேற்று அவர் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு புடவை, மூட்டுவலித் தைலம், வெற்றிலைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன மஞ்சள் துணி, மடித்து வைத்திருந்தது.

“அங்கெல்லாம் கட்ட விடமாட்டாங்க அத்தே” என்றேன்.

“கட்டறதுக்கில்ல கண்ணு. தாயில்லாததுங்கள தொட்டுட்டு வரலாம். துணி எங்கிட்டயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்தில் மதனப்பள்ளிக்குக் கிளம்புகிறோம்.

(தொடரும்)