மரவாத்துகள்

பழைய நாணயங்களைத் தொகுப்போர் உண்டு. அஞ்சல் தலைகளைத் தொகுப்போரும் உண்டு. அமெரிக்க நாட்டிலோ, மரத்தில் செதுக்கிய பழைய வாத்துகளைத் தேடித் தொகுப்போர் பலர் உளர். அவை குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. காட்டு வாத்துகளை ஏமாற்றி வீழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட வேட்டைக் கருவிகள்.

ஒரு விலங்கைக் காட்டி அதன் இனத்தைப் பிடிப்பது பழைய வேட்டைமுறை. அதற்கெனப் பழக்கிய விலங்கைத் தமிழர் 'பார்வை விலங்கு' என்றனர். மரவாத்தும் அத்தகைய பார்வையே. மரவாத்துகள் பலவற்றை நீரில் மிதக்கவிட்டு, வேட்டைக்காரன் நாணற்புதரில் மறைந்திருப்பான். வானில் செல்லும் வாத்துக் கூட்டம், தன் இனம் அங்கே அச்சமின்றி இரை தேடுவதாக எண்ணிக் கீழிறங்கும், துப்பாக்கிக்கு இலக்காகும். இவ்வுத்தி அந்நாட்டுக்குப் புதிதன்று. நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில், பழங்குடி மக்கள் கோரையால் செய்த 11 பொய்வாத்துகள் 1924ஆம் ஆண்டு கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையன.

பிற்காலத்தில் குடியேறியோர் மரத்தைக் கையாண்டனர். உடலையும் தலையையும் தனித்தனியே செதுக்கிப் பொருத்தினர்; அலையில் கவிழாதிருக்க அடிப்புறத்தில் ஈயக்கட்டியைப் பதித்தனர்; இறகின் நிறங்களைத் தீட்டினர். பறவையின் இயல்பை நன்கு அறிந்தவர் கைவேலையே உயிருள்ளதுபோல் விளங்கிற்று. மாசசூசெட்சு மாநிலத்து எல்மர் குரோவெல் (1862–1952) முதலில் வேட்டைக்காரர்; பின்னர்ச் சிற்பியானவர். உறங்கும் பறவையையும் இறகு கோதும் பறவையையும் அவர் மரத்தில் வடித்தார்.

வேட்டை வணிகமாக வளர்ந்தபோது பறவைகள் பெருந்தொகையாக மடிந்தன. வலசைப் பறவைகளைக் காக்க 1918ஆம் ஆண்டு சட்டம் பிறந்தது. காட்டு வாத்தைக் கொன்று விற்கும் தொழில் ஒடுங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வாத்துகளும் வந்தன. வேலை இழந்த மரவாத்துகள் கொட்டகைகளில் முடங்கின. அடுப்பில் எரிந்தனவும் உண்டு.

அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தோருள் ஜோயல் பார்பர் என்னும் கட்டடக் கலைஞர் ஒருவர். அவர் அவற்றைத் தேடித் தொகுத்து, 1934ஆம் ஆண்டு ஒரு நூலும் வெளியிட்டார். அவர் தொகுத்தவை வெர்மான்ட் மாநிலத்து ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன. குரோவெல் செதுக்கிய இரு பறவைகள் 2007ஆம் ஆண்டு ஒவ்வொன்றும் 11 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

தேர்ந்த தொகுப்பாளர் பழைய மரவாத்துக்குப் புதுவண்ணம் பூச ஒருப்படார். உப்புநீரில் மங்கிய நிறமும், குண்டு பட்ட வடுவும் அதன் வரலாறு அன்றோ? அவ்வடு மற்றொன்றையும் நினைவூட்டும். பறவையை அவ்வளவு கூர்ந்து நோக்கிய கண்ணே அதன் உயிருக்குக் குறியும் வைத்தது. வேட்டைக்கு உதவிய அந்நுண்ணறிவு இன்று கலையாக நிற்கின்றது. பறவையை மயக்கச் செய்த பார்வை, மனிதனுக்குப் பறவையைப் பார்க்கக் கற்பிக்கின்றது.