பின்வாசல் மூடிய பள்ளி

ஜூன் மாதத் தொடக்கம். ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வாசலில் பெருங்கூட்டம். பலர் கையில் கம்பு கட்டிய தட்டிகள். அரசியல் கட்சி ஊர்வலம் என்று நினைத்தால், தட்டிகளில் தலைவர்கள் இல்லை. தொட்டியில் குளிக்கும் குழந்தை, முகமெல்லாம் சாக்லெட் அப்பிய குழந்தை, முன்பல் விழுந்த குழந்தை. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிக்குத் திகைப்பு. காணாமல் போன பிள்ளைகளைத் தேடி வந்த கூட்டமோ?

அவர் தங்கியிருக்கும் வீட்டின் தாய், ஒரு தட்டியை அவர் கையில் திணிக்கிறார். "உயரமாகப் பிடியுங்கள். அவன் தன் படத்தைப் பார்த்துத்தான் நம்மிடம் ஓடி வருவான்."

கதவு திறக்கிறது. ஒவ்வொரு வகுப்பாக 18, 19 வயதுப் பிள்ளைகள் கத்திக்கொண்டே பாய்ந்து வருகிறார்கள். பெண்களுக்கு வெள்ளை உடை, பையன்களுக்குக் கோட்டு சூட்டு. எல்லோர் தலையிலும் கறுப்பு விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி. வாயில் ஒரே பாட்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் இளவரசர் குஸ்தாவ் மெட்டமைத்தது. கும்பலில் படத்தைக் கண்டுபிடித்து ஓடி வருபவனின் கழுத்தில், நீலமும் மஞ்சளுமான நாடாவில் கட்டிய பூங்கொத்துகளும் சின்னக் கரடி பொம்மைகளும் விழுகின்றன. கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு சுமந்திருக்க மாட்டான்.

அடுத்து லாரி. பிர்ச் மரக் கிளைகளைச் செருகி, படுக்கை விரிப்பில் கிண்டல் வாசகம் எழுதித் தொங்கவிட்ட லாரிகளில் வகுப்பே ஏறி ஆடுகிறது. சாலையில் போகிற கார்களும் ஹாரன் அடித்து வாழ்த்துகின்றன.

ஊரே இப்படிக் கொண்டாடினால், பையன் நல்ல மார்க் வாங்கியிருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியில் விருந்தாளி கேட்கிறார். தாய் இயல்பாகச் சொல்கிறார்: "கணக்கில் ஃபெயில். முழுச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. முதியோர் கல்விப் பள்ளியில் சேர்ந்து எழுதுவான்."

விருந்தாளிக்கு நம்ப முடியவில்லை. தன் ஊரில் செய்தித்தாளில் பதிவெண் தேடிய காலை அவருக்கு நினைவிருக்கிறது. எண் இல்லாத வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. ஃபெயிலான பையனுக்குப் பூங்கொத்தா?

பதில் சொல்வது பாட்டி. வீட்டில் விருந்து நடக்கிறது. ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே இறாலும் முட்டையும் வைத்த கேக், கிண்ணம் கிண்ணமாக ஸ்ட்ராபெர்ரி. மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மடியில், அவர் 1966இல் அணிந்த தொப்பி. வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இது ஓட்டமல்ல, தீர்ப்பு. எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்கள், வெளியிலிருந்து வரும் அரசாங்கத் தணிக்கையாளர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வேண்டும். பூங்கொத்தோடு குடும்பங்கள் வாசலில் காத்திருக்கும். தேறியவர்கள் தொப்பியோடு முன்வாசல் வழியாக ஓடி வருவார்கள். தேறாதவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள்.

"என் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள்," என்கிறார் பாட்டி. "நான் வெளியே வந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தேன். அவள் அப்பா கையில் பூவோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் நின்றார். அவளுடைய தொப்பியை முன்கூட்டியே வாங்கிக் கோட்டுக்குள் வைத்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை."

1968இல் அந்தத் தேர்வை ஸ்வீடன் ஒழித்தது. தொப்பியும் போய்விடும் என்றே பலர் நினைத்தார்கள். மேட்டுக்குடிப் பழக்கம் என்று அதைத் தொடாத மாணவர்களும் 1970களில் இருந்தார்கள். ஆனால் ஓட்டம் திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக. ஒரு காலத்தில் சிறுபான்மையினர் மட்டுமே எட்டிய வாசலை இன்று பெரும்பாலான ஸ்வீடன் இளைஞர்கள் தாண்டுகிறார்கள். அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள், பெற்றோர் நாட்டுக் கொடியையும் தொப்பியில் தைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாமே சமமாகிவிடவில்லை. தொப்பி, உடை, லாரி வாடகை, விருந்து என்று செலவு ஏறுகிறது. வசதியில்லாத வீடுகளுக்கு இது பாரம். நல்ல பல்கலைக்கழகப் படிப்புக்கு மார்க்கும் வேண்டும். அந்தக் கணக்கு ஓட்டத்துக்குப் பிறகு வரத்தான் செய்யும். "வரட்டும்," என்கிறார் பாட்டி. "அது அவன் தனியாகப் போடவேண்டிய கணக்கு. அதற்காக வாசலில் அவன் அப்பாவைக் காக்க வைக்க வேண்டியதில்லை."

இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம். பையன் வருகிறான். குரல் போய்விட்டது, சட்டையில் பீர் வாடை. விருந்தாளி கேட்டதும் தொப்பியைக் கழற்றி உள்துணியைக் காட்டுகிறான். நண்பர்கள் எழுதிய வாழ்த்துகள், கேலிகள், கையெழுத்துகள். ஓர் ஓரத்தில் நீல மையில் ஒரு வரி. அவனே மொழிபெயர்க்கிறான்: "கணக்கை விட்டுவிடாதே."

எழுதியவர் அவனை ஃபெயிலாக்கிய ஆசிரியர்.