இல்லாத ஒரு காட்சி

அப்படி ஒரு காட்சி அந்தத் தொடரில் இல்லை. நான்தான் அதை உண்டாக்கிச் சொன்னேன். சொன்னது 2021 ஜூனில், அலுவலகக் காணொலிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைவதற்கு முன் பேசிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில். தொடர் ‘தி ஃபேமிலி மேன்’, இரண்டாம் சீசன். ‘தாராவியில் ஒரு தமிழ்க் குடும்பம் தீவிரவாதியை ஒளித்து வைக்கிற மாதிரி காட்டியிருக்கிறார்கள். அது அவமானம் இல்லையா?’ என்று இந்தியில் கேட்டேன். குரல் நடுங்கும் அளவுக்குக் கோபமாகக் கேட்டேன். அதுவரை அந்தத் தொடரில் ஒரு எபிசோடுகூட நான் பார்த்திருக்கவில்லை.

எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் மராட்டியர், குஜராத்திகள், ஒரு வங்காளி. தமிழ்நாட்டில் எது நடந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். ஜல்லிக்கட்டு, ஜெயலலிதா மரணம், ரஜினி கட்சி தொடங்குவாரா மாட்டாரா என எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தாக வேண்டும். மும்பையின் தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வந்தவள் நான். தமிழ்நாட்டில் தொடர்ந்து ஒரு மாதம்கூட இருந்ததில்லை. இருந்தும் ‘எங்கள் ஊரில்’ என்றுதான் தொடங்குவேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1966இல் சிவசேனை தொடங்கித் தென்னிந்தியர்களுக்கு எதிரான முழக்கங்கள் எழுந்தபோது அப்பா சிறுவன். வெளியே போனால் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று தாத்தா சொல்லி வளர்த்தாராம். தோல் பட்டறையிலிருந்து திரும்பி, கை நாற்றம் போகக் கழுவிக்கொண்டே அப்பா அதைச் சொல்வார். பெரியவளாகி நான் சத்தமாகப் பேசுவேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். பேசவும் செய்தேன். பேசுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

தொடர்கள் விஷயத்தில் இந்தப் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2018இல் ‘சேக்ரட் கேம்ஸ்’ வந்தபோது ரயிலில் எதிர் சீட்டுக்காரிகளும் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகமும் அதையே பேசினார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் பேச்சு என்னைத் தாண்டிப் போய்விடும். முதல் எபிசோடில் பாதி பார்த்தேன், மிச்சத்தை யூடியூபில் இருபது நிமிடச் சுருக்கமாகக் கேட்டேன். 2020 அக்டோபரில் ‘ஸ்கேம் 1992’ வந்தபோது அதுவும் தேவைப்படவில்லை. துண்டுத் துண்டாகச் சுற்றிய வசனங்களும் அந்த இசையும் போதுமாக இருந்தன. அலுவலகம் தலால் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஹர்ஷத் மேத்தா பற்றி நான் சொன்னதை எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். பார்த்த தொடர்களையும் பத்து விநாடி தாண்டும் பொத்தானை அழுத்தி அழுத்தித்தான் பார்த்தேன். யாராவது மௌனமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தாண்டுவேன். பாட்டு வந்தால் தாண்டுவேன். கதை என்னவென்று தெரிந்தால் சரி, அதைச் சொல்லிக் காட்டத்தானே பார்த்தேன்.

2021 மே 19 அன்று அந்த இரண்டாம் சீசனின் ட்ரெய்லர் வந்தது. சமந்தா ராஜி என்ற ஈழப் போராளியாக, முகம் கறுக்கப் பூசி, இறுகிய பார்வையோடு இருந்தார். தமிழ்நாட்டில் கொதிப்பு கிளம்பியது. வைகோ எதிர்த்தார், சீமான் எதிர்த்தார். அமைச்சர் மனோ தங்கராஜ் தொடரைத் தடை செய்யக் கோரி 24ஆம் தேதி ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். இயக்குநர்கள் ராஜ், டீகே இருவரும், நடிப்பவர்களிலும் எழுதுபவர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஜூன் 4 அன்று தொடர் வெளியானது. மும்பையில் அப்போது கொரோனாவால் லோக்கல் ரயில் பொதுமக்களுக்கு இல்லை. வீட்டுக்குள் அடைந்திருந்த நகரம் அந்த வாரக் கடைசியில் ஒன்பது எபிசோடுகளையும் பார்த்து முடித்தது. நான் முடிக்கவில்லை, தொடங்கவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் செல்லம் சார் பற்றிச் சிரித்தார்கள். உதய் மகேஷ் நடித்த அந்தப் பாத்திரம் அப்போது எல்லோர் போனிலும் மீம் ஆகச் சுற்றியது. நானும் சிரித்தேன். ‘செல்லம் என்றால் தமிழில் என்ன?’ என்று ஒருவர் கேட்டார், சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். ‘நீ தடை செய்யணும்னு சொன்னியே, இப்போ பார்த்தாச்சா? எந்த இடம் உனக்குத் தப்பாகப் பட்டது?’ என்று தாயி கேட்டார். மராட்டியில் அக்காவைத் தாயி என்பார்கள். பிரிவில் மூத்தவர், டோம்பிவிலிக்காரர், எல்லோருக்கும் அவர் தாயிதான். அதில் எகத்தாளம் கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ‘பார்த்துவிட்டேன்’ என்றேன். பிறகு அந்தக் காட்சியைச் சொன்னேன்.

ஏன் தாராவியைச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவசரத்துக்கு எனக்கு விவரமாகத் தெரிந்த இடம் அதுதான். தகரக் கதவு, மாடிக்குப் போகும் இரும்பு ஏணி, பரணில் அடுக்கிய பாத்திரம் என்று சொல்லிக்கொண்டே போனால் நம்புவார்கள் என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏணி எங்கள் வீட்டு ஏணி. அந்தப் பரணில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.

அடுப்படியில் அம்மா இருந்தார். இந்தி அவருக்கு நன்றாகவே புரியும். கணினியை மூடியதும் வந்து நின்றார். ‘ஏட்டி, நம்ம சந்துல எவன் ஒளிஞ்சிருந்தான்?’ என்றார். அது நாடகத்தில் வருவது என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

ஆகஸ்ட் 15 முதல் இரண்டு ஊசி போட்டவர்களை ரயிலில் விட்டார்கள். அலுவலகம் திறந்தது. சாப்பாட்டு மேசையில் தாயி என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தார். ‘நீ சொன்ன காட்சியைத் தேடினேன். ஒன்பது எபிசோடையும் இரண்டு தடவை பார்த்தேன். தூங்கிப் போயிருப்பேனோ என்று இரண்டாம் தடவை பகலில் பார்த்தேன். கிடைக்கவில்லை’ என்றார். என் சொல்லை நம்பி ஒரு மனுஷி அத்தனை மணி நேரம் உட்கார்ந்து தேடியிருக்கிறார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ‘எதிர்ப்பு வந்ததால் வெட்டிவிட்டார்கள் போல’ என்றேன். ‘அப்படியா, அப்போ நல்லதுதான்’ என்று டப்பாவை மூடினார்.

அந்தத் தீபாவளி விடுமுறையில்தான் தொடரைப் பார்த்தேன், அம்மாவோடு. அம்மாவின் கணக்கில் ஒரு இரவுக்கு ஒரு எபிசோடு. 1999 கடைசியில் தொடங்கிய ‘சித்தி’ தொடர் ஓடிய காலத்தில் சந்தில் பாதிப் பேர் எங்கள் ஒற்றை அறையில் வந்து உட்காருவார்கள். முடிந்ததும் கலைந்து போய், மறுநாள் முழுக்கக் குழாயடியில் அதைப் பேசுவார்கள். அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்கினால் இன்றைக்கும் அம்மா, ‘நிறுத்துளா, நாளைக்குப் பாப்போம்’ என்பார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்பது இரவுகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராஜி ஒரு மில்லில் வேலை செய்கிறாள். மேலாளரின் தொல்லை, பேருந்தில் உரசுகிறவனின் தொல்லை, எல்லாவற்றையும் வாய் திறக்காமல் தாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறாள். நானாகப் பார்த்திருந்தால் அந்த மௌனங்களைத் தாண்டிப் போயிருப்பேன். அம்மா, ‘இந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?’ என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, ‘இவளப் பத்தியா அப்படிப் பேசுன?’ என்றார்.

தொடரில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. போராளி என்றாலே கறுப்பு என்று அந்தப் பூச்சு சொல்வது எனக்கு இன்றும் வலிக்கிறது. 1983 முதல் 2009 வரை எரிந்த ஒரு போரை, பாகிஸ்தான் உளவாளியோடு போட்ட ஒரு ஒப்பந்தமாகச் சுருக்கிவிட்டார்கள். ராஜியின் காயத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது அவள் மக்களின் வரலாற்றுக்குக் கொடுத்திருக்கலாம். அதே நேரத்தில், இந்தித் தொடர் ஒன்றில் தமிழர்கள் தங்களுக்குள் தமிழிலேயே பேசினார்கள். தேவதர்ஷினி சென்னைப் போலீசாகவும் ரவீந்திர விஜய் சென்னை உளவு அதிகாரியாகவும் நிமிர்ந்து நின்றார்கள். தாயி போன்றவர்கள் சப்டைட்டில் படித்துக்கொண்டு எங்கள் மொழியைக் காதால் கேட்டார்கள். இவ்வளவையும் அவரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம், அவரும் கேட்டிருப்பார். இருந்த நியாயத்தை விட்டுவிட்டு இல்லாத ஒரு காட்சியைக் கொடுத்தேன்.

அதன் விலை அடுத்த ஆண்டு தெரிந்தது. 2022 நவம்பரில் ‘தாராவி பேங்க்’ வந்தது. சுனில் ஷெட்டி அதில் தலைவன் என்ற தமிழ் தாதா. வரதராஜ முதலியாரை மனதில் வைத்து 1987இல் ‘நாயகன்’ வந்ததிலிருந்து தாராவித் தமிழன் என்றால் திரைக்கு அந்த ஒரு முகம்தான். பத்து எபிசோடுகளையும் ஒரு விநாடி தாண்டாமல் பார்த்துவிட்டுப் போனேன். விடிவதற்கு முன் இட்லி அவித்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு நகரம் முழுக்க விற்கப் போகிறவர்கள் பற்றி, பை தைக்கிறவர்கள் பற்றி, பழைய பிளாஸ்டிக்கை நிறம்வாரியாகப் பிரிக்கிற பெண்கள் பற்றிச் சொன்னேன். அந்த மாதம் 29ஆம் தேதி தாராவி மறுசீரமைப்பு ஏலம் திறக்கப்பட்டு, 5,069 கோடி ரூபாய் கேட்ட அதானி குழுமம் முன்னால் நின்றது. எங்கள் சந்து இருக்குமா இருக்காதா என்ற கவலையையும் சொன்னேன். ‘தாராவி என்று எது வந்தாலும் உனக்குக் கோபம்தான்’ என்றான் ஒரு இளைய சகா. தாயி தலை நிமிரவில்லை. என் பேச்சுக்கு எடை இருந்திருக்க வேண்டிய ஒரே நாள் அது.

இவ்வளவுக்குப் பிறகும் திருந்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் ‘அயலி’ வந்தபோது உறவுக்காரப் பெண்கள் எல்லோரும் அழுததாகச் சொன்னார்கள். நானும் அழுதேன் என்றேன். எட்டில் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் கதை அது. அம்மாவை எட்டாம் வகுப்பில் அதே காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள். எட்டு இரவுகள் அம்மா தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தார், நான் பக்கத்து அறையில் போனோடு இருந்தேன். மற்ற எல்லாப் பொய்களையும்விட இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தாயி 2024இல் ஓய்வு பெற்றார். 2025 நவம்பர் 21 அன்று ‘ஃபேமிலி மேன்’ மூன்றாம் சீசன் வந்தது, இம்முறை கதை நாகாலாந்துப் பக்கம். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு நாகா பெண்ணிடம் இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்துத் தாயியிடமிருந்து செய்தி வந்தது: ‘பார்த்தியா?’

நானே போன் செய்தேன். இன்னும் பார்க்கவில்லை என்றேன். பிறகு, தாராவிக் காட்சி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை, யாரும் எதையும் வெட்டவில்லை, நான் சொன்ன வீடு என் அம்மாவின் வீடு என்று சொன்னேன். தாயி வெகுநேரம் பேசவில்லை. எனக்குத் திட்டு தேவையாக இருந்தது, அவர் திட்டவில்லை.

‘எங்கள் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே’ என்றார். ‘மருமகனுக்கு அந்தப் பக்கம் வங்கிக் கிளைக்கு மாற்றல் வந்தபோது, அங்கே தமிழ் வீடுகளுக்குக் கடன் பேசப் போனால் பார்த்துப் போ, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்று நான்தான் சொன்னேன்.’

எந்தக் கிளை என்று கேட்டேன்.

தொண்ணூறு அடி சாலை என்றார்.