எரிந்தது எது, எரித்தது எது

பனி கொட்டித் தீர்த்த வாரங்களில் மிச்சிகன் மாநிலத்துக் கியர்பாக்ஸ் பட்டறைகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. பிக்கப் டிரக்கின் முன்னால் அகலமான இரும்புத் தகட்டைப் பூட்டி, கடை வாசல்களிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் பனியைத் தள்ளிச் சம்பாதிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். முன்னால் தள்ள வேண்டும், பின்னால் வர வேண்டும், மறுபடியும் தள்ள வேண்டும். இரவு முழுக்க இதே வேலை. வண்டி வேகமெடுப்பதே இல்லை, கியர் மட்டும் ஓயாமல் மாறுகிறது. உள்ளே ஆயில் சூடேறிக்கொண்டே போகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இதைவிட வதைக்கும் வேலை குறைவு.

நான் போன பட்டறை டெட்ராய்ட்டுக்கு மேற்கே இப்சிலாண்டியில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கும் ஊருக்கும் பழைய உறவு. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. 1953 ஆகஸ்டில் லிவோனியாவில் அதன் ஆலை தீயில் அழிந்துபோக, உற்பத்தி இப்சிலாண்டியை ஒட்டிய வில்லோ ரன் ஆலைக்கு வந்தது. போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்த இடம் அது. 2010-இல் அந்தக் கியர்பாக்ஸ் ஆலையும் மூடப்பட்டது. பட்டறைக்காரரின் அப்பா அங்கே வேலை பார்த்தவர். மகன் பழுது பார்க்க வந்துவிட்டார். “புதுசு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கெட்டுப்போனதுதான் ஆளுக்கொரு கதை சொல்லும்” என்றார்.

பட்டறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் நின்று கியர்பாக்ஸை இறக்குபவர், ஏற்றுபவர் ஒருவர். அவரை ‘ஆர் அண்ட் ஆர்’ ஆள் என்கிறார்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பு போல்ட்டுகளையும் ஆயில் குழாய்களையும் அரித்துவிடுவதால் அவர் பாடு திண்டாட்டம். இறக்கியதைப் பிரித்து, கழுவி, திரும்பக் கோப்பவர் ‘பில்டர்’. இங்கே முதலாளிதான் பில்டர். அவரிடம் தொழில் கற்கும் இளைஞன் ஒருவனும் இருந்தான்.

அன்று லிஃப்டில் ஏறியது 1997 மாடல் செவ்ரலே பிக்கப். இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய வண்டி. அதில் இருப்பது 4எல்60-இ என்ற நான்கு வேகக் கியர்பாக்ஸ். 1982-இல் வந்த 700-ஆர்4-இன் மின்னணு வாரிசு. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி இழுக்கவில்லை என்பது உரிமையாளரின் புகார்.

வண்டி லிஃப்டுக்குப் போகும் முன்பே நோயறிதல் தொடங்கிவிட்டது. பில்டர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ஒன்று சரி, இரண்டு சரி. மூன்றுக்கு மாறும் கணத்தில் எஞ்சின் சுற்று இறங்குவதற்குப் பதில் ஏறியது. ரிவர்ஸ் நன்றாகப் பிடித்தது. இவ்வளவு போதும், பாதிச் சந்தேகங்களைத் தள்ளிவிடலாம் என்றார். இந்தப் பெட்டிக்குள் பல கிளட்ச் தொகுதிகளும் ஒரு பட்டையும் இருக்கின்றன. எந்தெந்தக் கியருக்கு எது பிடிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டு. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் போனால் சன் ஷெல் என்ற பாகம் உடைந்திருக்கும். இரண்டும் நான்கும் போய் ரிவர்ஸ் இருந்தால் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றும் நான்கும் போனால் 3-4 கிளட்ச். எது இல்லை என்பதோடு எது இருக்கிறது என்பதையும் கேட்டால்தான் விடை வரும்.

அடுத்தது கணினி. மூன்றாம் கியருக்கான உத்தரவு போய்விட்டது என்று ஸ்கேனர் காட்டியது. சொன்னது சரி, செய்வதில்தான் கோளாறு. அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் பிரஷர் கேஜைப் பொருத்தினார். எஞ்சின் சும்மா ஓடும்போது 60 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். முழு அழுத்தம் கேட்டபோது முள் 200-ஐ நெருங்கியது. பம்ப் நன்றாக இருக்கிறது. இளைஞன் நிம்மதியானான். பில்டருக்கு அதில்தான் கேள்வி பிறந்தது. பிரதான அழுத்தம் இவ்வளவு நன்றாக இருந்தும் ஒரு கிளட்ச் மட்டும் வழுக்கினால், போகும் வழியில் எங்கோ ஆயில் கசிகிறது என்றுதானே பொருள்?

கீழ்த்தட்டைக் கழற்றியதும் வாசனையே பதில் சொன்னது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருத்துக் கரிந்த நாற்றம் அடித்தது. தட்டில் இருந்த காந்தத்தைச் சுற்றி மையாகக் குழைந்த இரும்புப் பொடி. பழைய பெட்டியில் அது கொஞ்சம் இருப்பது இயல்பு. அதற்கு அப்பால் தட்டு முழுக்கக் கருந்துகள் படிந்திருந்தது. அது கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகித வகை உராய்வுப் பொருள். இந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பி வருபவர்கள் உண்டாம். எரிந்த பிளேட் புது ஆயிலில் வளர்ந்துவிடாது.

பெட்டியை மேசையில் நிறுத்திப் பிரித்தபோது 3-4 கிளட்ச் பிளேட்டுகள் கரியாக வந்தன. இடையில் இருக்கும் எஃகுத் தகடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. இளைஞன் புதுத் தொகுதிப் பொட்டலத்தை எடுக்கப் போனான். பில்டர் தடுத்தார். “எரிஞ்சது எதுன்னு எனக்கும் தெரியுது. எரிச்சது எது? அதைக் காட்டு.”

அவர் தொழில் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஃப்யூஸ் போன வீட்டில் ஃப்யூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியனைப் போல வேலை செய்தால், புதுப் பிளேட்டுகளும் சில மாதங்களில் கரியாகும். சரிசெய்து அனுப்பிய வண்டி அதே நோயோடு திரும்புவதை இங்கே ‘கம்பேக்’ என்கிறார்கள். உழைப்பும் உதிரியும் இரண்டு முறை, கூலி ஒரு முறை. பழைய 700-ஆர்4-இல் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் ஒரு கேபிள் ஆக்ஸிலரேட்டரோடு இணைந்திருந்தது. அதைத் தளர்வாக விட்டே பல நல்ல பெட்டிகளைக் கொன்றிருக்கிறார்களாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரைக் கழுவாமல் புதுப் பெட்டியை ஏற்றினால், பழைய கரி முழுதும் அதற்குள் போகும்.

தேடல் தொடங்கியது. பிஸ்டனின் ரப்பர் உதடுகளை விரலால் நெருடிப் பார்த்தார். இறுகியிருந்தன, ஆனால் கிழியவில்லை. இன்புட் ஷாஃப்டில் இருக்கும் டெஃப்லான் வளையங்கள் பரவாயில்லை. கடைசியில் வெறும் கூட்டைத் திருப்பி வைத்து, பட்டையை இயக்கும் சர்வோ உட்காரும் குழியில் கழுவும் திரவத்தை ஊற்றினார். அங்கே விரல் நுனி அளவில் ஓர் உலோகக் கூடும், அதற்குள் ஒரு சின்ன உருண்டையும் இருக்கின்றன. மூன்றாம் கியர் விழும்போது வரும் அழுத்தத்தில் உருண்டை வாயை அடைக்க வேண்டும். 3-4 கிளட்சுக்குப் போகும் ஆயிலே இந்தப் பக்கமும் வந்து பட்டையை விடுவிக்கிறது. எனவே இங்கே ஒழுகினால் அங்கே பிடிப்பு குறையும். கூட்டின் உள்பக்கத்தில் திரவம் சொட்டத் தொடங்கியது. இளைஞன் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

பழைய உருண்டைக் கூட்டைப் பிடுங்கி, புதியதன் திறப்பு ஆயில் வழிக்கு நேராக வரும்படி பார்த்து அடித்து இறக்கினார்கள். மறுபடியும் திரவத்தை ஊற்றினார்கள். சொட்டவில்லை. கோப்பு வேலை அதற்குப் பிறகுதான். புதுப் பிளேட்டுகள் முன்கூட்டியே ஆயிலில் ஊறிக் கிடந்தன. உருண்டைகளையும் வளையங்களையும் அந்தந்த இடத்தில் நிறுத்தி வைக்க வாஸ்லின் தடவினார். கிரீஸ் ஆயிலில் கரையாமல் நுண்ணிய வழிகளை அடைக்கும், வாஸ்லின் கரைந்துபோகும் என்று விளக்கினார். துடைக்கும் துணியின் நூலிழை ஒன்று வால்வுப் பகுதிக்குள் போனாலும் வால்வு சிக்கலாம் என்பதால் மேசைப் பக்கம் பழந்துணிக்கே இடமில்லை.

பல கடைகள் இப்போது பிரிப்பதே இல்லை. பழைய பெட்டியைக் கொடுத்து, தொழிற்சாலையில் புதுப்பித்த பெட்டியை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். விரைவாக முடியும், உத்தரவாதமும் உண்டு. அதைத் தவறென்று பில்டர் சொல்லவில்லை. அந்த முறையில் கைக்கு வேலை இருக்கிறது, கேள்விக்கு வேலை இல்லை என்பதே அவர் வருத்தம். மேசையில் ஒரு பெட்டியைக் கூடப் பிரிக்காதவன் கேஜின் முள்ளைப் பார்த்து எதைச் சந்தேகிப்பான்?

மிச்சிகனில் 1974-இல் வந்த வாகனப் பழுதுபார்ப்புச் சட்டப்படி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதுக்கென்று தனிச் சான்றிதழ் பெற வேண்டும். கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெற வாடிக்கையாளருக்கு உரிமையும் உண்டு. வண்டியை எடுக்க வந்தவர் கரிந்த பிளேட்டுகளைப் பார்த்து, “இவ்வளவு கேவலமாவா போச்சு?” என்றார். உருண்டைக் கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மற்றப் பழைய பாகங்களோடு போட்டார். பில்லில் அதன் விலை மிக மலிவான வரி. அதைக் கண்டுபிடித்த நேரத்துக்குத் தனி வரியே இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். போட்டால் பேரம் பேசுவார்கள், போடாவிட்டால் கம்பேக் வராது, அந்த லாபம் போதும் என்றார். அப்புறம் இளைஞனிடம் திரும்பி, இனி மூன்றாம் கியர் புகார் இல்லாத பெட்டியானாலும் அந்தக் குழியில் திரவம் ஊற்றிப் பார்க்காமல் கோக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.